அலையை எண்ணாக்கிய மேதை

சுவிட்சைத் தட்டுகிறோம், விளக்கு எரிகிறது. சுவரில் உள்ள இணைப்பில் 230 வோல்ட் இருப்பதாகச் சொல்கிறோம். உண்மையில் அங்கே 230 என்ற எண் நிலையாக நிற்பதில்லை. மின்னழுத்தம் சுழியிலிருந்து ஏறத்தாழ 325 வோல்ட் வரை ஏறுகிறது. இறங்கிச் சுழியைத் தொடுகிறது. எதிர்த்திசையில் மீண்டும் 325 வரை சென்று திரும்புகிறது. ஒரு நொடிக்குள் இந்த ஏற்ற இறக்கம் 50 முறை நிகழ்கிறது. 230 என்பது, அந்த அலை ஒரு கம்பியைச் சூடாக்கும் அளவுக்கே அதைச் சூடாக்கக்கூடிய நிலையான மின்னழுத்தத்தின் மதிப்பு. அவ்வளவே.

கணந்தோறும் மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றை எப்படிக் கணக்கிடுவது? எந்தக் கம்பியில் எவ்வளவு மின்னோட்டம் செல்லும், எந்த மின்மாற்றி எவ்வளவு சூடாகும், நூறு மைல் தொலைவில் உள்ள ஆலைக்கு எவ்வளவு மின்னாற்றல் போய்ச் சேரும் என்பதையெல்லாம் முன்கூட்டியே எப்படி அறிவது? 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பொறியாளர்களைத் திணறவைத்த கேள்வி இது. அதற்குப் பள்ளி மாணவனும் புரிந்துகொள்ளக்கூடிய விடையைப் பரப்பியவர் சார்லஸ் புரோட்டியஸ் ஸ்டெய்ன்மெட்ஸ்.

நான்கு அடி உயரம், கூன் விழுந்த முதுகு, இடுப்புக் குறைபாட்டால் தடுமாறும் நடை. அமெரிக்கத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது கிட்டத்தட்டத் திருப்பி அனுப்பப்பட இருந்தவர். இன்று மின்பொறியியல் கற்பிக்கப்படும் ஒவ்வொரு வகுப்பறையிலும் அவரது கணக்குமுறை இருக்கிறது. அவர் பெயர்தான் பெரும்பாலும் இல்லை.

ஸ்டெய்ன்மெட்ஸ் 1865 ஏப்ரல் 9 அன்று, அப்போது பிரஷ்யாவைச் சேர்ந்த பிரெஸ்லாவ் நகரில் பிறந்தார். அந்நகரம் இன்று போலந்து நாட்டில் உள்ளது. பெற்றோர் இட்ட பெயர் கார்ல் ஆகஸ்ட் ருடால்ஃப். தந்தை ரயில்வே அலுவலகத்தில் கல்லச்சுப் பணி செய்தவர். அவருக்கும் கூன் முதுகு. குழந்தைக்கு ஒரு வயதானபோது தாய் இறந்துவிட, பாட்டியின் கைகளில் வளர்ந்தார். ஓடியாடி விளையாட இயலாத அந்தச் சிறுவனுக்குக் கணிதம் விளையாட்டுக் களமாயிற்று.

பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் கணிதமும் வானியலும் பயின்றபோது மாணவர் சங்கத்து நண்பர்கள் அவருக்குப் புரோட்டியஸ் என்று பட்டப்பெயர் வைத்தனர். புரோட்டியஸ் கிரேக்கப் புராணத்தில் வரும் கடல் முதியவர். பிடிக்கப்போனால் சிங்கமாகவும் பாம்பாகவும் நீராகவும் உருமாறிக்கொண்டே இருப்பார். கைவிடாமல் இறுகப் பற்றிக்கொள்பவருக்கு மட்டும் உண்மையைச் சொல்வார். கேலியாகச் சூட்டிய அந்தப் பெயரைப் பின்னாளில் அவரே தம் பெயரின் நடுவில் வைத்துக்கொண்டார். உருமாறிக்கொண்டே இருக்கும் மின்னோட்டத்தை இறுகப் பற்றியவருக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் அமைந்திருக்க முடியாது.

அந்தக் காலத்து ஜெர்மனியில் பிஸ்மார்க்கின் ஆட்சி சோஷலிஸ இயக்கத்தைச் சட்டத்தின் மூலம் ஒடுக்கிவந்தது. மாணவரான ஸ்டெய்ன்மெட்ஸ் அந்த இயக்கத்தில் ஈடுபட்டார். இதழ் ஒன்றின் ஆசிரியப் பணியையும் ஏற்றார். முனைவர் பட்டத்துக்கான ஆய்வு ஏறக்குறைய முடிந்திருந்த நிலையில், 1888-இல் கைது செய்யப்படும் அபாயம் நெருங்கியது. பட்டத்தை விட்டுவிட்டு எல்லை கடந்தார். தந்தையையும் பிறந்த ஊரையும் பிரிந்து சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரை அடைந்தவருக்கு அங்குள்ள தொழில்நுட்பக் கல்லூரி இடமளித்தது.

சூரிச்சில் உடன் தங்கியிருந்த டேனிஷ் நண்பர் ஆஸ்முசெனுடன் 1889-இல் கப்பலேறி நியூயார்க் வந்து சேர்ந்தார். கையில் பணம் இல்லை, ஆங்கிலம் வராது, உடலோ குடியேற்ற அதிகாரிகளின் கண்ணில் உழைப்புக்கு உதவாத உடல். இவரை அனுமதித்தால் நாட்டுக்குச் சுமையாகிவிடுவார் என்று அவர்கள் தயங்கினர். நண்பர் முன்வந்து, தம் பணத்தைக் காட்டி, இவரைத் தாமே பார்த்துக்கொள்வதாகப் பொறுப்பேற்றார். அந்த ஒரு மனிதரின் சொல்லால் கதவு திறந்தது.

நியூயார்க்குக்கு அருகே யாங்கர்ஸ் என்ற ஊரில் ருடால்ஃப் ஐக்மேயர் என்பவரின் தொழிற்கூடம் இருந்தது. அவரும் ஜெர்மனியிலிருந்து அரசியல் காரணங்களுக்காக வெளியேறியவர். தொப்பி செய்யும் இயந்திரங்களைத் தயாரித்துவந்த அவர், மின்மோட்டார்களிலும் ஆர்வம் காட்டினார். அங்கே வரைபடக் கலைஞராக ஸ்டெய்ன்மெட்ஸுக்கு வேலை கிடைத்தது.

வேலைக்குச் சேர்ந்த காலமும் குறிப்பிடத்தக்கது. மின்சாரத்தை எந்த வடிவில் வழங்குவது என்பதில் அமெரிக்காவில் கடும் போட்டி நடந்துகொண்டிருந்தது. எடிசன் ஒரே திசையில் பாயும் நேர்திசை மின்னோட்டத்தை ஆதரித்தார். வெஸ்டிங்ஹவுஸும் டெஸ்லாவும் மாறுதிசை மின்னோட்டத்தின் பக்கம் நின்றனர். மாறுதிசைக்கு ஒரு பெரும் வசதி இருந்தது. மின்மாற்றியின் உதவியால் அதன் மின்னழுத்தத்தை எளிதாகக் கூட்டவும் குறைக்கவும் முடியும். மின்னழுத்தத்தை இருமடங்காக்கினால் அதே ஆற்றலை அனுப்பப் பாதி மின்னோட்டம் போதும். மின்னோட்டம் பாதியானால், கம்பியில் வெப்பமாக வீணாகும் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகக் குறையும். தொலைதூர அருவியின் ஆற்றலை நகரத்துக்குக் கொண்டுவர இதைவிட எளிய வழி அன்று இல்லை.

ஆனால், அந்த மின்மாற்றிகளும் மோட்டார்களும் அளவுக்கு மீறிச் சூடாயின. மின்னோட்டம் திசை மாறும்போதெல்லாம் இரும்பு உள்ளகத்தின் காந்தத் திசையும் மாற வேண்டும். இரும்பு உடனே மாறுவதில்லை. முந்தைய நிலையை விடத் தயங்குகிறது. காந்தத் தயக்கம் என்று இயற்பியலாளர்கள் அழைக்கும் இந்தப் பண்பால் ஒவ்வொரு சுழற்சியிலும் கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகிறது. எவ்வளவு ஆற்றல் வீணாகும் என்பதை, இயந்திரத்தைச் செய்து ஓட்டிப் பார்த்த பிறகே அன்றைய பொறியாளர்களால் அறிய முடிந்தது.

பிறர் அளந்து வெளியிட்ட விவரங்களையும் தாமே அளந்தவற்றையும் ஸ்டெய்ன்மெட்ஸ் சலித்துப் பார்த்தார். காந்தப்பாய அடர்த்தியின் 1.6 மடிக்கு ஏற்ப இழப்பு கூடுகிறது என்ற விதி அவருக்குப் புலப்பட்டது. 1892 ஜனவரியில் அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தில் அதை வாசித்தளித்தபோது அவருக்கு வயது 26. நாட்டுக்குள் வந்து மூன்று ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. அதன்பின், மின்மாற்றியைச் செய்வதற்கு முன்பே அதன் காந்தத் தயக்க இழப்பைத் தாளில் மதிப்பிட முடிந்தது.

இரும்பின் சிக்கல் தீர்ந்தது. அதைவிடப் பெரிய சிக்கல் சுற்றுகளின் கணக்கில் இருந்தது. மாறுதிசைச் சுற்றின் அடிப்படையைத் தெரிந்துகொண்டால்தான் அவர் செய்ததன் பெருமை விளங்கும்.

நேர்திசை மின்சுற்றில் ஓம் விதி போதும். மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைத்துவிடும். மாறுதிசைச் சுற்றில் மின்தடையோடு இன்னும் இரண்டு பேர் குறுக்கிடுகிறார்கள். ஒன்று கம்பிச்சுருள்; பழைய குழல்விளக்கின் சோக் அதற்கு உதாரணம். மற்றொன்று மின்தேக்கி, மின்விசிறியில் கண்டென்சர் என்று நாம் சொல்வது அதைத்தான்.

கம்பிச்சுருள், பாரம் ஏற்றிய வண்டியைப் போன்றது. தள்ளியவுடன் நகராது, நகரத் தொடங்கினால் தள்ளுவதை நிறுத்தியவுடன் நிற்காது. எனவே அதில் மின்னோட்டம், மின்னழுத்தத்துக்குப் பின்தங்கி வருகிறது. மின்தேக்கியோ காலித் தண்ணீர்த் தொட்டியைப் போன்றது. தொட்டி காலியாக இருக்கும்போது நீர் வேகமாகப் பாயும். மட்டம் உயர உயரப் பாய்ச்சல் தணியும். பாய்ச்சல் முந்தி, மட்டம் பிந்தி. அதனால் அதில் மின்னோட்டம், மின்னழுத்தத்துக்கு முன்னால் செல்கிறது. இந்த முந்தலும் பிந்தலும் ஒரு முழு அலையில் சரியாகக் கால் பங்கு. நம் நாட்டு மின்சாரத்தில் ஓர் அலைக்கு ஒரு நொடியின் 50-இல் ஒரு பங்கு நேரம். அதில் கால் பங்கு என்பது ஒரு நொடியின் 200-இல் ஒரு பங்கு.

ஆகவே ஒரு சுற்றில் உள்ள மின்னழுத்தங்களைச் சாதாரணமாகக் கூட்ட முடியாது. ஒன்று உச்சியில் இருக்கும்போது மற்றொன்று சுழியில் இருக்கும். இந்த அலைகளைக் கூட்டவும் பெருக்கவும் நுண்கணிதத்தின் வகைக்கெழுச் சமன்பாடுகள் தேவைப்பட்டன. எளிய சுற்றுக்கே பக்கம் பக்கமாகக் கணக்கு நீளும். பல கிளைகள் உள்ள சுற்று என்றால், கணிதத்தில் மிகத் தேர்ந்தவர்களுக்கும் அது பெருஞ்சுமை. தொழிற்கூடத்தில் நிற்கும் சாதாரணப் பொறியாளருக்கு அது எட்டாக்கனி.

ஸ்டெய்ன்மெட்ஸின் அணுகுமுறை எளிமையானது. சுற்றின் எல்லாப் பகுதிகளிலும் அலை ஒரே வேகத்தில்தான் துடிக்கிறது. அது எல்லாருக்கும் பொது. எனவே ஒவ்வொரு முறையும் எழுத வேண்டியதில்லை. ஒவ்வோர் அலையையும் வேறுபடுத்துவன இரண்டே செய்திகள்: அதன் உயரம் எவ்வளவு, அது எவ்வளவு முந்தியோ பிந்தியோ வருகிறது. இரண்டு செய்திகளைச் சுமக்க ஓர் எண் போதாது. ஆனால், ஒரு கலப்பெண் போதும்.

கலப்பெண் என்றதும் பலரும் மிரள்கிறார்கள். எதிர்ம ஒன்றின் வர்க்கமூலம் என்று பாடநூலில் படித்த அந்தக் கற்பனை எண்ணுக்கும் மோட்டாருக்கும் என்ன தொடர்பு என்று திகைக்கிறார்கள். நேராக நின்று இடப்புறம் கால் வட்டம் திரும்புங்கள். மறுபடியும் இடப்புறம் கால் வட்டம் திரும்புங்கள். இப்போது தொடங்கிய திசைக்கு நேர் எதிரே நிற்கிறீர்கள். ஒரு செயலை இருமுறை செய்தால் எதிர்த்திசை கிடைக்கிறது என்றால், அந்தச் செயல்தான் எதிர்ம ஒன்றின் வர்க்கமூலம். அதில் கற்பனை எதுவும் இல்லை. அது கால் வட்டத் திருப்பம். கம்பிச்சுருளும் மின்தேக்கியும் அலைக்குச் செய்வதும் அதே கால் வட்டத் திருப்பம்தான். ஒன்று ஒரு பக்கம் திருப்புகிறது; மற்றொன்று மறுபக்கம் திருப்புகிறது. மின்பொறியாளர்கள் இந்தத் திருப்பத்தை 'ஜே' என்ற எழுத்தால் குறிக்கிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு சுற்றில் 3 ஓம் மின்தடையும், 4 ஓம் மறுப்புத் தரும் ஒரு கம்பிச்சுருளும் தொடராக இணைந்துள்ளன. மொத்த எதிர்ப்பு 7 ஓம் அல்ல. கிழக்கே மூன்று அடியும் வடக்கே நான்கு அடியும் நடந்தவர், புறப்பட்ட இடத்திலிருந்து ஐந்து அடி தொலைவில்தானே நிற்பார்? அதுபோல மொத்த எதிர்ப்பு 5 ஓம். இதற்கு 100 வோல்ட் கொடுத்தால் 20 ஆம்பியர் பாயும். பழைய ஓம் விதியே இங்கும் செல்லுபடியாகிறது. வகைக்கெழுச் சமன்பாடு மறைந்தது. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் மட்டும் எஞ்சின.

அதே எடுத்துக்காட்டில் இன்னொரு உண்மையும் ஒளிந்திருக்கிறது. 100 வோல்ட்டும் 20 ஆம்பியரும் பெருக்கினால் 2,000. ஆனால், மின்தடையில் வெப்பமாகச் செலவாவது 1,200 வாட் மட்டுமே. எஞ்சிய திறன் கம்பிச்சுருளுக்குள் போவதும் திரும்பி வருவதுமாக ஊசலாடுகிறது. அதனால் வேலை எதுவும் நடப்பதில்லை. செலவானதற்கும் பெருக்கி வந்ததற்கும் உள்ள விகிதமான 0.6-ஐத் திறன் காரணி என்கிறோம். 12 ஆம்பியர் செய்யக்கூடிய வேலைக்குக் கம்பி 20 ஆம்பியரைச் சுமக்க நேர்கிறது. நம் ஊர்த் தொழிற்சாலைகளில் மோட்டார்களுக்கு அருகே மின்தேக்கிகளைப் பொருத்துவது இதனால்தான். கம்பிச்சுருள் பின்னிழுத்ததை மின்தேக்கி முன்னிழுத்துச் சரிசெய்கிறது. திறன் காரணி குறைந்ததற்காகக் கூடுதல் கட்டணம் செலுத்தும் ஆலை அதிபர், ஸ்டெய்ன்மெட்ஸ் பரப்பிய கணக்கின்படிதான் செலுத்துகிறார்.

1893 ஆகஸ்டில் சிகாகோவில் சர்வதேச மின்னியல் மாநாடு கூடியது. அவ்வூரில் அப்போது நடந்த உலகக் கண்காட்சி, மாறுதிசை மின்சாரத்தால் ஒளிர்ந்தது. அந்த மாநாட்டில் ஸ்டெய்ன்மெட்ஸ் தம் கலப்பெண் முறையை முன்வைத்தார். இந்தச் சிந்தனை அவர் ஒருவருக்கே உரியது என்று சொல்வது முறையாகாது. மின்னெதிர்ப்பு என்ற கருத்துக்குப் பெயர் சூட்டியவர் இங்கிலாந்தின் ஆலிவர் ஹெவிசைட். அதே 1893-இல், சில மாதங்களுக்கு முன்னர், ஆர்தர் கென்னெலியும் கலப்பெண்களைக் கொண்டு மின்னெதிர்ப்பை விளக்கியிருந்தார். ஸ்டெய்ன்மெட்ஸ் அதை முழுமையான முறையாக வளர்த்தெடுத்தார், மின்மாற்றி, மோட்டார், நெடுந்தொலைவுக் கம்பி என ஒவ்வொன்றுக்கும் பொருத்திக் காட்டினார், எல்லாருக்கும் கற்பித்தார்.

இதற்கிடையே, 1892-இல் உருவான ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் ஐக்மேயரின் தொழிலை விலைக்கு வாங்கியது. ஸ்டெய்ன்மெட்ஸும் அந்த நிறுவனத்துக்கு வந்து, 1894-இல் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி நகரில் நிலைகொண்டார். அவரது புதிய கணக்குமுறை பெரும்பாலான பொறியாளர்களுக்குத் தொடக்கத்தில் பிடிபடவில்லை. வேறொருவராக இருந்தால், புரியாதவர்களைக் குறைசொல்லிவிட்டு நகர்ந்திருப்பார். அவர் 1897-இல் மாறுதிசை மின்னோட்டம் பற்றிய பெருநூலை வெளியிட்டார். அதுவும் கடினம் என்று தெரிந்தபோது, அதற்கு அடித்தளமான அறிமுக நூலை எழுதினார். பின்னர், பொறியாளர்களுக்கென்றே ஒரு கணித நூலையும் எழுதினார். படிக்கட்டின் ஒரு படி உயரமாகிவிட்டால் அதற்குக் கீழே இன்னொரு படி கட்டுவது அவர் வழக்கம்.

அவர் பெயரால் வழங்கும் கதை ஒன்று உண்டு. பழுதான பெரிய மின்னாக்கி ஒன்றின் மீது சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இழுத்துவிட்டு, பெருந்தொகைக்குக் கட்டணச் சீட்டு அனுப்பினாராம். கோடு இழுக்க ஒரு டாலர், எங்கே இழுப்பது என்று அறிந்ததற்கு மீதி என்றாராம். அதைக் கதையாகவே கொள்ள வேண்டும். அவரது உண்மையான வாழ்க்கை அந்தக் கதைக்கு எதிர்மாறானது. எங்கே கோடு இழுப்பது என்பதை ரகசியமாக வைத்துக்கொள்ளாமல், ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்ததே அவர் செய்த வேலை.

அந்த அறிவின் பயன் விரைவிலேயே உலகெங்கும் பரவியது. நயாகரா அருவியின் மின்சாரம் 1896-இல் பஃபலோ நகரை எட்டியது. நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு காவிரிக் கரையில் இருக்கிறது. சிவசமுத்திரத்தில் மைசூர் அரசு அமைத்த நீர்மின் நிலையத்துக்கு மின்கருவிகளை வழங்கியது ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம். 1902-இல் அங்கிருந்து புறப்பட்ட மாறுதிசை மின்சாரம் ஏறத்தாழ 90 மைல் கடந்து கோலார் தங்கவயலை அடைந்தது. வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் சென்ற ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் உழைத்த சுரங்கங்கள் அவை. ஓர் ஆற்றின் வீழ்ச்சியை அத்தனை மைல்களுக்கு அப்பால் சுரங்கத்தில் இயந்திரத்தின் சுழற்சியாக மாற்ற வேண்டுமானால், கம்பியில் என்ன நேரும் என்பதைக் கம்பத்தை நடுவதற்கு முன்பே கணக்கிட்டாக வேண்டும். அந்தக் கணக்கைப் பொறியாளர்களின் அன்றாட வேலையாக்கியதில் ஸ்கெனெக்டடியின் அந்தக் குள்ள மனிதருக்குப் பெரும் பங்கு உண்டு.

புகழ் வந்தது. 1901-இல் அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தின் தலைவரானார். பிரெஸ்லாவில் பட்டம் பெறாமல் ஓடிவந்தவருக்கு 1902-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் அளித்தது. அதே ஆண்டில் ஸ்கெனெக்டடியின் யூனியன் கல்லூரி மின்பொறியியல் துறையை அவரிடம் ஒப்படைத்தது. நிறுவனத்தில் ஆராய்ச்சியாளர், கல்லூரியில் பேராசிரியர் என இரட்டைப் பணி செய்தார். அவர் பெயரில் பதிவான காப்புரிமைகள் ஏறத்தாழ இருநூறு.

பிறந்த நாட்டை விட்டு விரட்டப்படக் காரணமாக இருந்த கொள்கையை அவர் கைவிடவில்லை. உலகின் மிகப்பெரிய முதலாளித்துவ நிறுவனங்களுள் ஒன்றில் பணியாற்றியபடியே தம்மைச் சோஷலிஸ்ட் என்று அறிவித்துக்கொண்டார். இது முரண்பாடு அல்லவா என்று அன்றே பலர் கேட்டனர். பெருநிறுவனங்களின் நிர்வாகத் திறனே ஒருநாள் பொதுநலனுக்குப் பயன்படும் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை பலிக்கவில்லை என்பதை வரலாறு சொல்லும். ரஷ்யாவை மின்மயமாக்கும் பணிக்கு உதவ முன்வந்து 1922-இல் லெனினுக்குக் கடிதம் எழுதினார். லெனினிடமிருந்து பதிலும் வந்தது. அதே ஆண்டில் நியூயார்க் மாநிலத் தலைமைப் பொறியாளர் பதவிக்குத் தேர்தலில் நின்று தோற்றார்.

கொள்கையைப் பேசியதோடு அவர் நிற்கவில்லை. ஸ்கெனெக்டடியில் ஜார்ஜ் லன் தலைமையில் சோஷலிஸ்டுகள் நகராட்சியைக் கைப்பற்றியபோது, 1912-இல் நகரக் கல்வி வாரியத்தின் தலைவர் பொறுப்பை ஏற்றார். பள்ளிகளை விரிவுபடுத்துவதிலும், மாணவர்களுக்கு இலவசமாகப் பாடநூல்கள் கிடைக்கச் செய்வதிலும், கற்றலில் பின்தங்கிய குழந்தைகளுக்கும் ஆங்கிலம் அறியாத குடியேறிகளின் குழந்தைகளுக்கும் தனிக் கவனம் தருவதிலும் அக்கறை காட்டினார். ஆங்கிலம் தெரியாமல், உடல் ஒத்துழைக்காமல் ஒரு துறைமுகத்தில் நின்றவருக்கு அந்தக் குழந்தைகளின் நிலையை யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. தம் உடற்குறை பிள்ளைகளுக்கும் தொடரக்கூடும் என்ற அச்சமே காரணம். ஆனால், குடும்பம் இல்லாமல் அவர் வாழவில்லை. தம்முடன் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜோசப் ஹேடன் என்ற இளைஞரை மகனாக ஏற்றுக்கொண்டார். ஹேடனும் அவர் மனைவியும் ஸ்டெய்ன்மெட்ஸின் வீட்டிலேயே குடியிருந்தனர். அவர்களின் மூன்று குழந்தைகளுக்கு அவர் தாத்தா ஆனார். அந்த வீட்டில் கள்ளிச்செடிகளும் மலர்ச்செடிகளும் நிறைந்த கண்ணாடிக்கூடம் இருந்தது. வளர்ப்புப் பிராணிகளில் முதலைகளும் உண்டு. கோடையில் மோஹாக் ஆற்றங்கரைக் குடிலுக்குச் சென்றுவிடுவார். படகின் குறுக்கே ஒரு பலகையை வைத்து, தாள்களைப் பரப்பி, நீரின் போக்கில் மிதந்தபடி கணக்குப் போடுவார்.

அந்தக் குடிலை 1920-இல் மின்னல் தாக்கியது. அங்கிருந்த கண்ணாடி ஒன்று தூள்தூளானது. அவர் அந்தச் சில்லுகளைப் பொறுமையாகச் சேர்த்து ஒட்டி, மின்னல் பாய்ந்த வழியை ஆராய்ந்தார். மின்கம்பிகளை மின்னலிடமிருந்து காப்பது அந்நாளைய பெரும் கவலை. 1922-இல், 1 லட்சம் வோல்ட்டுக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் செயற்கை மின்னலை ஆய்வகத்தில் உண்டாக்கிக் காட்டினார். அதைக் காண வந்தவர்களில் முதுமையடைந்திருந்த எடிசனும் ஒருவர். நேர்திசை மின்னோட்டத்துக்காக வாதாடிய மனிதர், மாறுதிசையை வசப்படுத்தியவரின் ஆய்வகத்தில் நின்ற காட்சி அது.

1923 இலையுதிர் காலத்தில் குடும்பத்தினருடன் அமெரிக்காவின் மேற்குக் கரை வரை பயணம் சென்று திரும்பினார். அந்தக் களைப்பிலிருந்து அவர் மீளவில்லை. அக்டோபர் 26 அன்று காலை தம் வீட்டிலேயே உயிர்நீத்தார். வயது 58. உலகப் புகழ்பெற்ற அந்தப் பொறியாளர் விட்டுச்சென்ற சொத்து மிகச் சொற்பம்.

அவர் வாழ்க்கை இரண்டு கேள்விகளை நம்முன் வைக்கிறது. முதலாவது, கதவருகே நிற்கும் மனிதரை எதைக் கொண்டு அளக்கிறோம் என்பது. ஒரு நாடு அவருடைய கருத்துக்காக அவரை இழந்தது. இன்னொரு நாடு அவருடைய உடலுக்காக இழந்திருக்கும். நண்பர் ஒருவர் அன்று வாய் திறக்காமல் இருந்திருந்தால், மாறுதிசை மின்னோட்டம் என்றோ ஒருநாள் வேறு ஒருவரால் எளிமைப்படுத்தப்பட்டிருக்கலாம். ஆனால், ஸ்டெய்ன்மெட்ஸ் என்ற மனிதர் நமக்குக் கிடைத்திருக்க மாட்டார். உடற்குறை உள்ளவர்களை நேர்காணலின் வாசலிலேயே மனத்தளவில் திருப்பி அனுப்பும் வழக்கம் நம்மிடம் இன்னும் முற்றாக ஒழிந்துவிடவில்லை.

இரண்டாவது, கடினமான அறிவை யாருக்காக வைத்திருக்கிறோம் என்பது. நம் பொறியியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் ஆண்டுதோறும் பெருந்தொகையான மாணவர்கள் மாறுதிசைச் சுற்றைப் படிக்கிறார்கள். 'ஜே' என்றால் கால் வட்டத் திருப்பம் என்று அவர்களில் எத்தனை பேருக்குச் சொல்லப்படுகிறது? சூத்திரத்தை மனப்பாடம் செய்து தேர்வு எழுதிவிட்டு, ஏன் என்று தெரியாமலே வேலைக்குச் செல்பவர்கள் அதிகம். மிரட்டுவதற்காக அல்ல, எளிமைப்படுத்துவதற்காகவே அந்த எண் மின்னியலுக்குள் கொண்டுவரப்பட்டது. அதைக் கொண்டே மாணவரை மிரட்டுவது, அதைக் கொண்டுவந்தவரின் நோக்கத்துக்குச் செய்யும் துரோகம்.

அடுத்த முறை மின்விசிறிக்குப் புதிய கண்டென்சர் மாட்டும்போது, அதற்குள் அலை ஒன்று கால் வட்டம் முன்னே திரும்புகிறது என்பதை அருகில் நிற்கும் குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கலாம். ஸ்டெய்ன்மெட்ஸுக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை அதுவாக இருக்கட்டும்.

(ஏப்ரல் 9, சார்லஸ் புரோட்டியஸ் ஸ்டெய்ன்மெட்ஸ் பிறந்தநாள்)